நாற்பத்தேழாம் எண் டப்பா

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரி லேப்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். விவரமாகச் சொன்னால் கேட்டவர் கையில் இருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவார். நோயாளிகளின் சிறுநீரில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். என் மனைவிக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

லேபில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. வயதானது என்பதால் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். காலையில் எழுப்பினால் சூடாக அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். அதற்குமுன் எதைக் கேட்டாலும் உளறுவார். பிறகு ஒரு வார்த்தை பிசகமாட்டார். சின்னக் குவார்ட்ஸ் குப்பியில் திரவத்தை ஊற்றி உள்ளே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அதன் வழியே விட்டு, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி விழுங்கப்பட்டது என்று கோடு போட்டுக் காட்டுவார். மருந்து இருந்தால் கோடு ஓரிடத்தில் எழும்பி இறங்கும். அதற்கு முகடு என்று பெயர். எப்போதும் முகடு முகடு என்று நான் பேசிக்கொண்டிருப்பதால் எனக்கும் லேபில் 'முகடு சார்' என்றே பெயர் ஆகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே கலக்காத ஒரு மாதிரி தினமும் வேண்டும். அது என்னுடையதுதான். ஊரில் பெரிய மனிதர், சின்ன மனிதர் எல்லாரையும் என்னோடு ஒப்பிட்டுத்தான் அளந்திருக்கிறேன். இந்தப் பெருமை வேறு யாருக்கு வாய்க்கும்?

இந்த அளவெல்லாம் எதற்கு என்றால், எங்கள் ஆஸ்பத்திரியில் மாற்று நுரையீரல் வைக்கிறார்கள். காத்திருப்பவர்கள் நிறைய, கிடைப்பது கொஞ்சம். வைத்த பிறகு ஆயுசு முழுக்க ஒருநாள் தவறாமல் மாத்திரை போட வேண்டும். போடாவிட்டால் வைத்தது பாழ். அதனால் பட்டியலில் ஏற நினைப்பவர் முதலில் ஆறு மாதம் ஒரு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் நம்பமாட்டோம். மாதம் ஒருமுறை, நாங்கள் சொல்லும் நாளில், வீட்டிலிருந்து காலைச் சிறுநீரை டப்பாவில் கொண்டுவர வேண்டும். ஆறு டப்பாவும் சரியாக இருந்தால் பட்டியலில் பெயர் வரும்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர். முப்பது வருஷம் தரைக்கல் அறுத்த மனுஷன். எத்தனையோ வீட்டுத் தரை பளபளக்கிறது. அந்தத் தூளெல்லாம் இவர் நெஞ்சுக்குள் இருக்கிறது. கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். மூலையில் ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். ஆறாவது டப்பா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தலைமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்தி வைக்கலன்னா எட்டு மாசம், மிஞ்சிப் போனா ஒன்பது" என்று சொல்லியிருந்தார். அந்தக் கணக்கு எனக்கும் தங்கச்சிக்கும் தெரியும். மாப்பிள்ளைக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

அவர் பெயர் பரிசோதனைக்கு வந்த அன்றே நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இனி எந்த டப்பாவிலும் நோயாளி பெயர் இருக்கக்கூடாது, எண் மட்டும்தான் என்னிடம் வர வேண்டும் என்று. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினான் என்று ஒரு நாக்கும் பேசக்கூடாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பதிவாளர் அம்மா பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு எண்ணை ஒட்டி அனுப்புவார். எந்த எண் யாருடையது என்ற நோட்டு அவர் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். நான் கையெழுத்துப் போட்ட பிறகு தலைமை டாக்டர் அறையில்தான் எண்ணும் பெயரும் சேரும். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

இன்னொரு விதியும் என்னுடையதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் மாத்திரையே சாப்பிடாமல், அதைப் பொடித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு அந்த முகடு பார்த்தவுடனே இடித்தது. ஏனென்றால் மாத்திரை வயிற்றுக்குள் போனால் உடம்பு அதைச் சும்மா விடாது. பாதியை உடைத்து வேறொரு பொருளாக்கித்தான் வெளியே அனுப்பும். அந்தப் பொருள் வேறொரு அலைநீளத்தில், பக்கத்திலேயே ஒரு சின்ன முகடாகத் தெரியும். அந்த ஆள் கொண்டுவந்ததில் பெரிய முகடு இருந்தது, சின்னது இல்லை. உடம்பு தொடாத மருந்து. அன்று நானே உட்கார்ந்து எழுதினேன்: சின்ன முகடு பெரியதில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலப்படம், கலப்படம் செய்தவர் மறுபடி முதலிலிருந்து, இம்முறை பன்னிரண்டு மாதம் காட்ட வேண்டும். ஆறு மாதம் போதாதா என்று அப்போது கேட்டார்கள். ஏமாற்றுகிறவனுக்கு ஆறு போதாது என்று மேஜையைத் தட்டிச் சொன்னவன் நான்.

மாப்பிள்ளையின் நான்கு டப்பாக்கள் சரியாக வந்தன. ஐந்தாவதில் அளவு குறைந்துவிட்டது. தேறிவிட்டார், ஆனால் எல்லைக்கோட்டில் தேறினார். 'மருந்தின் அளவு குறைவாகக் காணப்படுகிறது, கவனம் தேவை' என்று வீட்டுக்குக் கடிதம் போனது. தங்கச்சி கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"தினமும் நான்தான் அண்ணா எடுத்துக் கொடுக்கறேன். முழுங்கினதும் வாயத் திறந்து காட்டச் சொல்லிப் பாக்கறேன். எப்படிக் கொறையும்?"

"முந்தின நாள் தண்ணி நிறையக் குடிச்சாரா?"

"தொண்ட வறளுதுன்னு ரெண்டு சொம்பு குடிச்சாரு."

"அதான். தண்ணியில கரைஞ்சு போச்சு. இதுக்குப் போய் ஏன் பயப்படற?"

அவளுக்குப் புரியவைக்க வேண்டும் என்று காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினேன். இதுதான் மாத்திரையின் முகடு, இது உயரமாக இருக்க வேண்டும், இந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் தேறமாட்டார் என்றேன். அடுத்து சின்ன முகட்டை வரைய ஆரம்பிக்கும்போது அவள் போன் அடித்தது. ஆக்சிஜன் மெஷினின் குழாய் கழன்றுவிட்டதாம். செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினாள். காலண்டர் தாளில் ஒரு முகடுதான் இருந்தது. அதை அவள் கையில் எடுத்துக்கொண்டு போனதை நான் கவனித்தேன், அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

ஆறாவது மாத டப்பாக்கள் ஒரு வியாழக்கிழமை வந்தன. மொத்தம் பதினான்கு. எனக்கு அன்று நல்ல குஷி. இன்றோடு மாப்பிள்ளை கரையேறிவிடுவார், அடுத்த வாரம் பட்டியலில் பெயர். ஒவ்வொன்றாக எடுத்து, கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, சுழற்றிப் பிரித்து, குப்பியில் விட்டுப் பெரியவரிடம் கொடுத்துக்கொண்டே வந்தேன். நாற்பத்தேழாம் எண்ணை வைத்ததும் கோடு விறுவிறுவென்று ஏறித் தாளின் உச்சியில் முட்டித் தட்டையாக நின்றுவிட்டது. நூறு மடங்கு நீர்க்கவைத்து மறுபடி வைத்தேன். பெரிய முகடு அழகாக வந்தது. சின்னது இருக்க வேண்டிய இடத்தில் கோடு துடைத்துவிட்ட தரைமாதிரி கிடந்தது.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. டீ குடிக்கப் போனபோது பதிவாளர் அம்மாவிடம் சொன்னேன்.

"இந்தத் தடவ ஒரு புத்திசாலி மாட்டினான்மா. மாத்திரைய டப்பாவுக்கே கொடுத்துட்டான். நோயாளி எப்படியோ, டப்பா பொழச்சுக்கும்."

"எந்த நம்பர் சார்?"

"நாப்பத்தேழு."

என் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிற அம்மா. அன்று சிரிக்கவில்லை. டம்ளரைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போனார். டம்ளரில் டீ அப்படியே இருந்தது. எனக்கு உறைக்கவில்லை. மேலே வந்து, 'எண் 47: கலப்படம், மருந்து உடல்வழி வந்ததல்ல' என்று எழுதி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்தார். ரொம்ப நாள் கழித்து ஷேவ். கண்ணாடியைத் தங்கச்சி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மச்சான். ஆபரேஷன் தியேட்டருக்கு மாப்பிள்ளைக் கோலத்துலதான் போகணும்னு உங்க தங்கச்சி உத்தரவு" என்றார். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டார்.

தங்கச்சி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அடுப்படியில் அந்தக் காலண்டர் தாளை ஒட்டி வைத்திருந்தாள்.

"இந்தத் தடவ கொறையாது அண்ணா. பயமே இல்ல" என்றாள் ரகசியமாக.

"எப்படிச் சொல்ற?"

"அவரு முழுங்கினது முழுசா முழுங்கினாரு. அதுல ஒரு கொறையும் இல்ல. நான்தான் ஒரு காப்புக்கு, முன்ன ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப மிஞ்சின பட்டையில இருந்து அரை மாத்திர எடுத்து, நல்லா பொடிச்சு டப்பால போட்டுட்டேன். அவருக்குத் தெரியாது. அரைதான் அண்ணா. அதிகமாயிடக் கூடாதுன்னுதான் அரை."

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். டப்பா பிழைத்துக்கொள்ளும் என்று நான் அடித்த ஜோக் எனக்கே காதில் கேட்டது. பதிவாளர் அம்மா ஏன் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார் என்று அப்போதுதான் புரிந்தது.

"என்னண்ணா? அரையே அதிகமா?"

"இல்ல. பாக்கலாம்" என்றேன். அவளை அறைய வேண்டும்போலவும் இருந்தது, அவள் காலில் விழவேண்டும்போலவும் இருந்தது. கண்ணாடியைப் பிடிக்க வெளியே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே லேபுக்குப் போனேன். நாற்பத்தேழாம் எண்ணில் பாதி மீதம் குளிர்பெட்டியில் இருந்தது. வழக்கமான கரைப்பான் இரண்டையும் சேர்த்தே எடுக்கும் என்பதால் வேறொன்றை எடுத்தேன். அதற்குள் மாத்திரை மட்டும் போய்விடும். உடம்பு உண்டாக்கிய பொருள் தண்ணீரிலேயே தங்கும். ஆகவே கரைப்பானை ஊற்றிக் குலுக்கி எடுத்தேன், மறுபடி ஊற்றிக் குலுக்கி எடுத்தேன். ஒன்பது தடவை. தங்கச்சி போட்டதையெல்லாம் கழுவி வெளியேற்றிவிட்டு, மிஞ்சியதைப் பெரியவரிடம் கொடுத்தேன். சின்ன முகடு எழுந்தது. மற்ற பதின்மூன்று பேருக்கும் எவ்வளவு இருந்ததோ கிட்டத்தட்ட அதே உயரம். மனுஷன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். அந்த அரை மாத்திரையின் பெரிய முகடு பக்கத்தில் நின்று, இந்தச் சின்னதைக் கண்ணுக்கே தெரியாமல் மறைத்திருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு தலைமை டாக்டர் அறைக்கு ஓடினேன்.

டாக்டர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். நான் சொன்னதை ஒரு இடத்திலும் வெட்டவில்லை.

"இது உங்க தங்கச்சி வீட்டுக்காரரோடதுன்னு தெரிஞ்ச பிறகுதானே இதைச் செஞ்சீங்க?"

"ஆமா டாக்டர்."

"தெரியாம இருந்திருந்தா செஞ்சிருப்பீங்களா?"

தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"போன வருஷம் ஒருத்தர், மாத்திரை சாப்பிடற தம்பியோட சிறுநீர வாங்கிக் கலந்து கொண்டுவந்தாரே. அதுலயும் சின்ன முகடு இருந்துச்சு இல்ல? இதுவும் அப்படி இல்லன்னு இந்தத் தாள் சொல்லுமா?"

"சொல்லாது."

"வேற ஒருத்தரோட அண்ணன் வந்து, என் தங்கச்சி பயத்துல போட்டுட்டாங்கறார்னு வைங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நம்பமாட்டேன்" என்றேன். அது உண்மை. போன வாரம் வரை அப்படிச் சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"இன்னிக்குப் புதுசா ஒரு டப்பா எடுத்துப் பாக்கலாமே" என்று கெஞ்சினேன். இன்று எடுத்தால் நேற்றுச் சாப்பிட்டது தெரியும், அந்த வியாழக்கிழமை தெரியாது என்றார். விதியில் ஒருமுறை விலக்குக் கொடுத்துப் பாருங்கள் என்றேன். அவர் கோப்பைப் புரட்டி விதி இருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பினார். கீழே என் கையெழுத்து. பட்டியலை முடிவு செய்யும் குழுவில் ஐந்து பேர், நான் அவர்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசவும் செய்தார். நாலு பேர் முடியாது என்றார்கள். அந்த இடத்துக்காக இன்னொரு வீடும் காத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

கடிதம் வரும் நாளில் நான் அங்கே இருக்க வேண்டும் என்று விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். மாப்பிள்ளைதான் பிரித்தார். இரண்டு தடவை படித்தார்.

"சிறுநீரில் மாத்திரை நேரடியாகக் கலக்கப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்கு. நான் ஒருநாள்கூட தவறவிடலையே மச்சான். பெரியவரு பொய்யே சொல்லமாட்டாருன்னு சொல்லுவீங்களே?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அறுத்துப் போட்ட கல்தான். ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. தங்கச்சி கதவோரம் நின்றிருந்தாள். கடிதத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"நான்தாங்க போட்டேன்" என்றாள். "கொறஞ்சிடக் கூடாதுன்னு போட்டேன்."

"பன்னிரண்டு மாசமா மச்சான்?" என்று என்னைக் கேட்டார் அவர்.

"ஆமா மாப்ள."

அவர் விரலை மடக்கி எண்ணுகிற மாதிரி எண்ணி, பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு அவர்தான் பேசினார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து சாப்பாட்டுல உப்பு போதல, உப்பு போதலன்னு சொல்லிட்டே இருந்தேன் மச்சான். அதான் இதுலயாவது ஒரு கை கூடப் போட்டுட்டா." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏம்மா, அழாத. இங்க வந்து உக்காரு. எனக்கு எழுந்து வர முடியாது."

அவள் போய் உட்கார்ந்தாள். தோளில் கை போட்டுக்கொண்டார். அந்த விதியை எழுதியது நான்தான் என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. எனக்குத் தைரியமில்லை.

போகட்டும், இனி எதற்கு இந்த மாத்திரை என்று அவர் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல முழுங்கிவிட்டு, அவள் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினாராம். அவள் பட்டையிலிருந்து மாத்திரையைத் தன் கையால் எடுப்பதில்லை இப்போது. அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். டப்பாவையும் தொடமாட்டேன் என்கிறாள். மூடி போட்டு உறையில் வைத்துக் கட்டுவதெல்லாம் அவரே. அதற்கு அவருக்குக் கால்மணி நேரம் ஆகிறது.

அடுத்த மாத டப்பாக்கள் வந்தபோது பதினாறு இருந்தன. பதிவாளர் அம்மா அவற்றைத் தட்டில் வைத்து அவரே மாடிக்குக் கொண்டுவந்தார். அப்படிக் கொண்டுவருகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. வைத்துவிட்டுப் போகாமல் பெரியவர் பக்கத்தில் நின்றார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவது கோடு எழுந்து இறங்கியதும், விதியை மீறுகிறோம் என்று தெரிந்தே கேட்டார்.

"இது நல்லா இருக்கா சார்?"

தாளைப் பார்த்தேன். பெரிய முகடு, பக்கத்தில் சின்ன முகடு. அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம்.

"நல்லா இருக்கும்மா. ஒரு கொறையும் இல்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனார். நான் பேனாவை எடுத்து, 'மருந்து உட்கொள்ளப்பட்டுள்ளது' என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் மாத எண் போட வேண்டும். பன்னிரண்டில் ஒன்று என்று போட்டேன். தலைமை டாக்டர் சொன்ன கணக்குப்படி மாப்பிள்ளைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.